எண்ணப்பட்டது சிம் கார்டு, ஆட்கள் அல்ல

வளரும் நாடுகளில் செல்பேசி வளர்ச்சி பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஒரு கணக்கு நிச்சயம் இருக்கும். நூறு பேருக்கு இத்தனை இணைப்புகள் என்பார்கள். சில நாடுகளில் அது நூறையே தாண்டிவிடும். நூறு பேருக்கு நூற்றுப்பத்து இணைப்பு! படித்தவுடன், அப்பாடா, எல்லோர் கைக்கும் போன் வந்துவிட்டது என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கை முதலில் போடுகிறார்களோ என்னவோ.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். 2019-ல் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் சுமார் 4 கோடியே 75 லட்சம் பேர். அதே ஆண்டில் புழக்கத்தில் இருந்த சிம் கார்டுகள் 5 கோடிக்கும் மேல். தலைக்கு ஒன்றுக்கு மேலேயே வருகிறது அல்லவா? ஆனால் வீடு வீடாகப் போய், உங்களுக்குச் சொந்தமாகச் செல்பேசி இருக்கிறதா என்று கேட்டபோது, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 47.3 சதவீதம் பேர்தான் இருக்கிறது என்றார்கள். இணையம் பயன்படுத்துகிறவர்கள் 22.6 சதவீதம். நகரத்தில் 42.5, கிராமத்தில் 13.7.

(மூன்று வயதுக் குழந்தைக்கு எதற்குப் போன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரி, குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தலைக்கு ஒன்று வராது.)

ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பதுதான் காரணம். ஒரு கம்பெனியில் பேசுவதற்கு மலிவு, இன்னொன்றில் டேட்டா மலிவு, மற்றொன்றில் பணம் அனுப்பும் வசதி. எண்ணுவது சிம் கார்டை, எழுதுவது மனிதர்களைப் பற்றி. கோளாறு அங்கேதான்.

இதனால் வளர்ச்சியே பொய் என்று சொல்லிவிட முடியாது. 1984-ல் சர் டொனால்ட் மெய்ட்லாண்ட் தலைமையிலான சர்வதேசக் குழு எழுதிய அறிக்கை, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருப்பதைவிட டோக்கியோ நகரத்தில் தொலைபேசிகள் அதிகம் என்றது. 2000 வாக்கில் கூட, 3 கோடிப் பேர் இருந்த கென்யாவில் தரைவழித் தொலைபேசி இணைப்புகள் சுமார் 3 லட்சம்தான். அங்கிருந்து இன்றைய நிலைக்கு இருபது சொச்சம் ஆண்டுகளில் வந்திருக்கிறார்கள். சாதாரண விஷயம் இல்லை.

எப்படி வந்தது? பெரிய திட்டங்களால் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சஃபாரிகாம் நிறுவனம் 2000-ல் சேவை தொடங்கியபோது பேசும் நேரத்தை நிமிடத்தில் கணக்கிடாமல் நொடியில் கணக்கிட்டது. மாதக் கடைசியில் பில் கிடையாது, முன்பணம் கட்டும் சுரண்டல் அட்டைதான். கையில் இருக்கும் சில்லறைக்குத் தகுந்த அளவு பேசிக்கொள்ளலாம். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் தொங்கும் பெட்டிக்கடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தினக்கூலி வாங்குகிறவனிடம் மாதச் சந்தா கேட்டால் அவன் எங்கே போவான்?

அடுத்து வந்ததுதான் எம்-பெசா. (பெசா என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவேதான், கடல் கடந்து போயிருக்கிறது.) 2005-ல் சோதனை ஓட்டம் நடந்தபோது இதன் நோக்கமே வேறு. நுண்கடன் வாங்கியவர்கள் செல்பேசி வழியாகத் தவணை கட்டவேண்டும், அவ்வளவே. மக்களோ தவணை கட்டுவதோடு நிற்காமல் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனி சுதாரித்துக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையாக 2007 மார்ச்சில் வெளியிட்டது.

இதில் வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆள் ஏஜெண்ட். ஒரு சின்ன மளிகைக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எப்போதும் இரண்டு இருப்புகள் வேண்டும். கல்லாவில் ரொக்கம், போனில் மின்பணம். நைரோபியில் கட்டிட வேலை செய்பவர் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தால் நகரத்து ஏஜெண்டின் கல்லா நிரம்பும், போனில் இருப்பு குறையும். ஊரில் அம்மா அந்தப் பணத்தை எடுக்கும்போது கிராமத்து ஏஜெண்டுக்கு நேர்மாறாக நடக்கும். போனில் பணம் குவியும், கல்லா காலியாகும். பணம் பெரும்பாலும் நகரத்திலிருந்து கிராமத்துக்குத்தானே ஓடுகிறது? ஆகவே கிராமத்து ஏஜெண்ட் அடிக்கடி பஸ் ஏறி டவுனுக்குப் போய் வங்கியில் ரொக்கம் எடுத்து வரவேண்டும். அவர் போய்த் திரும்பும்வரை கடை வாசலில் நிற்பவருக்குப் பணம் இல்லை. நடைமுறை மூலதனம் என்று பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பது இதைத்தான். கோபுரமும் மென்பொருளும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கல்லாவில் நோட்டு இல்லையென்றால் எம்-பெசா இல்லை.

பலன் என்ன? தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், எம்-பெசாவால் சுமார் 1,94,000 குடும்பங்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாகக் கணக்கிட்டார்கள். கென்யக் குடும்பங்களில் இது 2 சதவீதம். பெண்கள் தலைமையில் இருந்த குடும்பங்களுக்குக் கூடுதல் நன்மை. இவ்வளவும் நடந்தது பட்டன் போனில்! இணையமே தேவைப்படாத ஒரு மெனுவில்.

பிராட்பேண்டுக்கு வரும்போதுதான் பேச்சு தடம் மாறுகிறது. கடலடிக் கேபிள், கோபுரம், 4ஜி, 5ஜி என்றே பேசுகிறோம். 2009-ல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கேபிள்கள் வந்து சேர்ந்தது பெரிய திருப்பம்தான். அதுவரை செயற்கைக்கோளை நம்பி இருந்தார்கள், செலவோ கொள்ளை. ஆனால் இன்று வெளியே நிற்பவர்கள் யார்? செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023 இறுதி நிலவரமாகச் சொன்ன கணக்கு இது: உலக மக்களில் 57 சதவீதம் பேர் செல்பேசியில் இணையம் பயன்படுத்துகிறார்கள். 4 சதவீதம் பேர் வாழும் இடத்தில் பிராட்பேண்ட் சிக்னலே இல்லை. மீதி 39 சதவீதம் பேருக்குச் சிக்னல் இருக்கிறது, அவர்கள் பயன்படுத்துவதில்லை. அதாவது கோபுரத்தின் நிழலிலேயே 310 கோடிப் பேர் இணையமில்லாமல் இருக்கிறார்கள். கோபுரம் கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த 39-ஐ ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும்.

தடையாக நிற்பது ஸ்மார்ட்போன் விலை. படிப்பும் மொழியும் தனித் தடைகள். இதற்கு நடுவில் சில அரசுகள் செய்யும் காரியத்தை என்னவென்று சொல்ல?

கென்யாவின் பக்கத்து நாடு உகாண்டா. அங்கே 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் போன்றவற்றைத் திறப்பதற்கு ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். ஜனங்கள் அதில் வம்பு பேசுகிறார்கள் என்பது அதிபர் முசெவேனியின் குறை. 200 உகாண்டா ஷில்லிங் சின்னத் தொகை மாதிரித் தெரியும். ஆனால் ஏழை இணையத்தையும் ஷாம்பு போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்குகிறான். நாள் கணக்கில் வாங்குகிறவனிடம் நாள் கணக்கில் வரி பிடித்தால் அடி யார் மேல் விழும்? வரி வந்தபின் இணையத்தை விட்டவர்களும் உண்டு, விபிஎன் போட்டு ஏமாற்றியவர்களும் உண்டு. 2021 ஜூலையில் அதை நீக்கிவிட்டு டேட்டா மீது 12 சதவீத வரி போட்டார்கள். வம்பு பேசினாலும் பேசாவிட்டாலும் இப்போது கட்டியாக வேண்டும்!

விலைக்கு ஒரு வழி கென்யாவிலேயே முயன்றார்கள். 2020-ல் சஃபாரிகாமும் கூகுளும் சேர்ந்து 4ஜி போனைத் தவணையில் கொடுத்தன. திட்டத்தின் பெயர் லிபா ம்டோகோ ம்டோகோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு என்று அர்த்தம். முன்பணம் போக ஒரு நாளைக்கு 20 கென்ய ஷில்லிங். அதே பழைய பாக்கெட் தத்துவம், இந்த முறை போனுக்கே. நல்ல யோசனைதான், பாராட்டலாம். ஒரே ஒரு விஷயம், தவணை நின்றால் போன் தூரத்திலிருந்தே பூட்டப்பட்டுவிடும். கடன் கொடுத்தவர் பக்கம் பார்த்தால் அது வேண்டியதுதான், வேறு ஜாமீன் ஏது? ஆனால் தினக்கூலிக்காரருக்குத் தவணை எந்த நாளில் தவறும்? வேலை கிடைக்காத நாளில். வேலைக்கு யாராவது கூப்பிட்டார்களா என்று போனை எடுத்துப் பார்ப்பதும் அந்த நாளில்தான்.