திரி எரியுறதுதான் த்ரில்

சிவகாசிப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். வெடிச் சத்தம் ஒரு நொடிதான். பத்த வெச்சிட்டுத் தள்ளி ஓடி வந்து, காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறோமே, அந்த நேரம்தான் த்ரில்.

2017-ல் வந்த 'விவேகம்' கோட்டை விட்டது இங்கதான். அஜித்தோட உழைப்பைக் குறை சொல்ல முடியாது. செர்பியா, பைக் சேஸ், துப்பாக்கி எல்லாம் இருக்கு. ஆனா அவர் மாட்டிக்குவாரோங்கிற பயம் மட்டும் வரல. வில்லனே ஹீரோ புகழ் பாடினா எப்படி வரும்?

உளவாளிக்கு யாரும் தன்னைக் கவனிக்கக் கூடாது. மாஸ் ஹீரோவை எல்லாரும் கவனிக்கணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது.

இந்தியில வந்த 'ராஸி' (2018) பாருங்க. ஆலியா பட் பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளா போய், 1971 போருக்கு முன்னாடி தகவல் அனுப்புவாங்க. ஒவ்வொரு தடவையும் நமக்குக் கை வேர்க்கும். பாசமா இருக்கிற குடும்பத்தையே ஏமாத்துறாங்களேன்னு மனசும் உறுத்தும். தமிழ்ல 'சர்தார்' (2022), நாடக நடிகரையே உளவாளி ஆக்கின ஐடியாவால கொஞ்சம் பக்கத்துல வந்துச்சு.

நம்ம டைரக்டர்கள்கிட்ட கேட்கிறது ஒண்ணுதான்: பத்தாயிரம் வாலா வேணாம், திரியைக் கொஞ்சம் நீளமா வைங்க.