‘இன்னும் பத்து தடவை’ எல்லாருக்கும் நல்லதில்லை... பிசியோ உதவியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய 3 கேள்விகள்!

2025 ஜனவரியில் புனே நகரம் ஆடித்தான் போனது. சிங்ஹகட் ரோடு பகுதியில் அடுத்தடுத்து பலர் கை, கால் மரத்து, நடக்க முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். சில வாரங்களிலேயே சந்தேகத்துக்குரிய பாதிப்புகள் 200-ஐத் தாண்டின. குடிதண்ணீர், வென்டிலேட்டர், விலை உயர்ந்த ஊசி என எல்லாமே செய்தியானது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவரை மாதக்கணக்கில் கைபிடித்து மறுபடி நடக்கப் பழக்குவது யார் என்பதுதான் பெரிதாகப் பேசப்படவில்லை.

பயிற்சித் திட்டத்தை பிசியோதெரபிஸ்ட் போட்டுக் கொடுப்பார். ஆனால், பல இடங்களில் தினமும் அதைச் செய்ய வைப்பது உதவியாளர்தான். ‘எக்சர்சைஸ்தானே, யார் செஞ்சா என்ன?’ன்னு நினைக்கிறீங்களா? நரம்பு, தசை நோய்களில் அந்த நினைப்புதான் ஆபத்து.

முழங்கால் ஆபரேஷன் செய்தவரை, ‘இன்னும் பத்து தடவை’ என உற்சாகப்படுத்தலாம். டுஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவனுக்கு அதே உற்சாகம் கெடுதல். தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அவன் உடம்பில் உருவாவதில்லை. வெயிட் தூக்குவதும், திரும்பத் திரும்பப் படி இறங்குவதும் அந்த நார்களைச் சேதப்படுத்தும். கணுக்கால் இறுகிப்போகாமல் மெதுவாக நீட்டிவிடுவதுதான் அவனுக்குத் தேவை. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில், வேலை கொடுக்கக் கொடுக்க தசை சோர்ந்துபோகும். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, நடுநடுவே ஓய்வு கொடுத்துத்தான் பயிற்சி. ஜி.பி.எஸ்ஸில் இருந்து மீள்பவரை ஓவராக வாட்டினால், கிடைத்த பலமும் குறையலாம்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். படித்தால் மட்டும் கைக்கு வந்துவிடாது. டுஷென் சிறுவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள். தோளில் பலம் இல்லாததால் அப்படியே வழுக்கிக் கீழே போவான். எங்கே தாங்க வேண்டும், எந்த அளவு நீட்டியதும் நிறுத்த வேண்டும் என்பதை மூத்த தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, கைமேல் கைவைத்துக் காட்டினால்தான் புரியும்.

அமெரிக்காவில் ‘பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட்’ என்பதே தனிப் பணி. இரண்டு வருடப் படிப்பு, அதற்குள்ளேயே நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி, பிறகு தேர்வு, லைசென்ஸ். அதன் பிறகும் தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் வேலை.

நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம், பட்டப்படிப்புக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், துணைநிலைப் படிப்புக்கு 2,000 மணி நேரம் என வரையறுத்தது. நல்ல தொடக்கம். ஆனால், அதில் எத்தனை மணி நேரம் தசை நோயாளிகளோடு கழிந்தது? தரத்தைச் சொல்வது அந்தக் கணக்குதான். தமிழ்நாட்டில் அதே வருடம் ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்தது. வீட்டுக்குள் நடக்கும் சிகிச்சையில், தப்பு நடந்தால் திருத்த மூத்தவர் எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டார். அதனால், வாசல்படி ஏறும் முன்பே கை பழகியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருகிறாரா? மூணே மூணு கேள்வி கேளுங்க.

* இந்த நோய் உள்ளவங்களுக்கு இதுக்கு முன்னாடி பயிற்சி கொடுத்திருக்கீங்களா, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?

* எந்த அறிகுறி தெரிஞ்சா நிறுத்துவீங்க?

* தெரபிஸ்ட் கடைசியா எப்போ நேர்ல பார்த்துத் திட்டத்தை மாத்தினாங்க?

இரண்டாவது கேள்விக்கான பதில் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு மறுநாளும் வலியோ பலவீனமோ நீடித்தால், அது அளவு மீறியதன் அடையாளம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேட்டால் கோவிச்சுக்குவாரோ எனத் தயங்காதீர்கள். முறையாகக் கற்றவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். பதில் வரவில்லை என்றால், அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு தெரபிஸ்ட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.