‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ எங்கே தொடங்குகிறது?

ஐஐடிகளிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கான பேராசிரியர் இடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று கேட்டால், கிடைக்கும் பதில் நமக்குப் பழகியதுதான்: தகுதியானவர் கிடைக்கவில்லை. இந்தப் பதில் நேர்காணல் அறையில் மட்டும் பிறப்பதில்லை. அதற்கு முன்பே, போஸ்ட்டாக் காலத்திலேயே தயாராகிவிடுகிறது.

அறிவியலில் இன்று பிஎச்.டி. மட்டும் போதாது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் போஸ்ட்டாக் அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. வெளிநாடு என்றால் கூடுதல் மதிப்பு. மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டை 2006ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. ஆசிரியர் நியமனத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கு இரண்டிலுமே விலக்கு உண்டு என்பது தனிக்கதை. விலக்கு இல்லாத இடங்களிலும், இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே விழுகிற போஸ்ட்டாக் ஆண்டுகளைக் கேட்பாரில்லை.

45 நாட்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இட ஒதுக்கீடு வேண்டும் என்பது ஒன்றிய அரசின் சொந்த விதி. ஆனால் போஸ்ட்டாக் ‘பணியிடம்’ அல்ல, ‘ஃபெல்லோஷிப்’ என்று பெயர் வைத்தால் விதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் காலை முதல் இரவு வரை நாங்கள் செய்வது வேலைதான்.

நான் வேதியியலில் போஸ்ட்டாக் செய்கிறேன். எனக்குத் தெரிந்து பல இடங்கள் விளம்பரமே இல்லாமல் நிரம்பியிருக்கின்றன. ஒரு கைடு தன் பழைய நண்பருக்கு போன் செய்கிறார், ‘நல்ல பையன், நம்ம ஆள்’ என்கிறார், வேலை முடிந்தது. மாவட்டத் தலைநகரில் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த போன் செய்ய யார் இருக்கிறார்கள்? அவர் அனுப்பும் நாற்பது மெயிலுக்கு ஒரு பதில் வந்தாலே பெரிது.

அடுத்தது பணம். 2023 ஜனவரி முதல் ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. காகிதத்தில் நல்ல தொகைதான். ஆனால் அது மாதக்கணக்கில் தாமதமாகும். ஒரு ஃபெல்லோஷிப் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ஒரு பைசா வராது. சொந்த வீடும் அப்பாவின் பென்ஷனும் உள்ளவர் காத்திருப்பார். கல்விக் கடனும் தங்கையின் படிப்புச் செலவும் தலையில் உள்ளவர் கோச்சிங் சென்டருக்குப் போய்விடுவார். பிறகு அவரைத்தான் ‘கிடைக்கவில்லை’ என்கிறார்கள்.

இது திறமையைப் பற்றிய கேள்வி அல்ல. நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க வழிகாட்டும் சமன்பாட்டைத் தந்த மேக்நாத் சாகா, தாழ்த்தப்பட்டதாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர். கல்கத்தா மாணவர் விடுதியில் அவரோடு அமர்ந்து சாப்பிட மறுத்தவர்கள் இருந்தார்கள். அவருடைய அறிவில் அவர்களால் எந்தக் குறையும் காண முடியவில்லை.

நம் கோரிக்கைகள் எளியவை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு போஸ்ட்டாக் இடத்துக்கும் திறந்த விளம்பரம் வேண்டும். நிறுவன அளவில் மொத்தமாகக் கணக்கிட்டு இட ஒதுக்கீடு வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் வர வேண்டும். இடைவெளிக் காலத்துக்கு ஆறு மாத நிதி வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் நிறுவனத்தில் எத்தனை போஸ்ட்டாக், எந்தெந்தப் பிரிவினர், எத்தனை இடங்களுக்கு விளம்பரம் வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பட்டியல் சேரட்டும், பிறகு ‘யார் கிடைக்கவில்லை’ என்று பேசலாம்.