இருண்ட திரையும் அமானிதமும்

வீட்டுத் தொலைக்காட்சி திடீரென்று இருண்டுவிட்டால், 'பேனல் போயிருக்கும்' என்கிறார் ஒருவர். 'பழுதுபார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்' என்கிறார் மற்றொருவர். பெட்டியின் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகளும் வழங்கப்பட்டுவிடுகின்றன. சோதிக்காமல் சொல்லும் தீர்ப்பினால் நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வருமானமே கரைந்துபோகக்கூடும். இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொருளும் குப்பைக்குப் போகும்.

இருண்ட திரைகளில் கணிசமானவற்றில் குறை இருப்பது பேனலில் அன்று. மின்சாரம் வழங்கும் பவர் போர்டில்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றி, 5, 12, 24 வோல்ட் போன்ற சிறிய மின்னழுத்தங்களாகப் பிரித்துக் கொடுப்பது அந்தப் பலகையின் வேலை. மாடலுக்கு ஏற்ப இந்த அளவுகள் மாறும். அவற்றில் ஒன்று வராவிட்டாலும் தொலைக்காட்சி இயங்காது.

எது வரவில்லை என்பதற்கு வெளியிலிருந்தே சில அடையாளங்கள் உண்டு. முன்பக்கச் சிறு விளக்கு எரியவே இல்லையென்றால், முதலில் அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு கருவியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கே மின்சாரம் இருந்தால், மின்கம்பி, ஃபியூஸ், ஸ்டாண்ட்பை மின்சுற்று ஆகியவற்றில் ஐயம் கொள்ளலாம். விளக்கு எரிந்தும் தொலைக்காட்சி உயிர்பெறவில்லை, அல்லது பலமுறை முயன்ற பிறகே உயிர்பெறுகிறது என்றால், கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. தலை தட்டையாக இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் குறை கண்ணுக்கே தெரியும். ஆனால் உப்பாமலே கெட்டுப்போவதும் உண்டு. அதை அளந்துதான் அறிய வேண்டும். ஒலி கேட்கிறது, படம் இல்லையென்றால், அறையை இருட்டாக்கித் திரைமீது டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் வேலை செய்கிறது. கெட்டது பின்னொளி எல்இடி பட்டைகளோ, அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியோதான்.

இதற்கு மேல் வீட்டார் கைவைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். காணொளி பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திருப்புளியோடு உட்காருவதை அனுமதிக்காதீர்கள்.

தேர்ந்த பணியாளர் ஃபியூஸ் எரிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடைவதில்லை. ஃபியூஸ் எரிந்ததென்றால் அதற்குப் பின்னால் ரெக்டிஃபையரோ, மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆகவே, சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் நீங்கவில்லை என்று அறிகிறார். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பவரோ அந்த வீட்டில் தீ விபத்துக்கு வழி செய்துவிட்டுப் போகிறார்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வணிகரிடம் கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பழுதுபார்க்கும் தொழிலிலும் இதுவே அளவுகோல். வாடிக்கையாளருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அந்த அறியாமை பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சில ரூபாய் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டுப் பலகைக்கான விலையை வாங்குவது ஈரத்தை அடியில் மறைப்பதற்கு ஒப்பானது.

எனவே நாம் கேட்க வேண்டியவை: கெட்டது எந்தப் பாகம்? அது கெட்டதென்று எப்படி அறிந்தீர்கள்? பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? நேர்மையான பணியாளர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார்.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. ஒரு மணி நேரம் மல்டிமீட்டரோடு போராடிப் பழுதைக் கண்டறிந்தவரிடம், 'பார்த்ததற்குக் காசா?' என்று கேட்கிறோம். அறிவுக்கும் நேரத்துக்கும் கூலி தர மறுத்தால், அந்தக் கூலியைப் பாகத்தின் விலைக்குள் ஒளித்து வைக்கும் நிலைக்கு அவரை நாமே தள்ளுகிறோம். உழைப்புக்குரிய கூலியைத் தாமதமின்றித் தருவது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். சோதனைக் கட்டணத்தை முன்பே பேசி, மனமுவந்து கொடுப்போம்.

எல்லாவற்றையும் சீராக்க இயலாது என்பதும் உண்மையே. கருகித் துளைபட்ட பலகையை மாற்றத்தான் வேண்டும். உடைந்த பேனலுக்குச் செலவிடுவது பெரும்பாலும் பயன் தராது. அப்போதும் பெட்டியைத் தெருவோரம் போடாமல், அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் தொலைக்காட்சியும் அடங்கும்.

இனி ஒரு திரை இருண்டால், தீர்ப்புக்கு முன் சோதனையைக் கேட்போம். சோதித்தவருக்கு உரியதைக் கொடுப்போம். வீண் விரயத்திலிருந்தும் மோசடியிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக.