நோயைப் பேசாத அரை மணி நேரம்

நோய் ஓர் இல்லத்தில் நுழைந்ததும் முதலில் சுருங்குவது பேச்சுதான். டயாலிசிஸ் தொடங்கிய பின்னர், கணவன் மனைவியாகிய எங்களிடையே மாத்திரை, குடிநீர் அளவு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சில்லாமற் போயிற்று. ஒருவர் நோயாளி, மற்றவர் பராமரிப்பவர். தம்பதியர் என்பதே மறந்துபோயிற்று.

அதை மீட்டுத் தந்தது, பரணில் கிடந்த 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி. கோள்கள் ஒளிமிக்கவை, நகர விளக்குகளுக்கிடையிலும் கொல்லைப்புறத்திலிருந்தே தெரியும். 1610ஆம் ஆண்டு ஜனவரியில் கலீலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் நாற்காலியில் அமர்ந்தபடியே கண்டோம். அவற்றுள் அயோ ஏறத்தாழ 42 மணி நேரத்தில் வியாழனைச் சுற்றிவிடும். ஆகவே, நிலவுகளின் வரிசை நாள்தோறும் மாறும். "நேற்று இடப்புறம் மூன்று இருந்தனவே!" என்பது எங்கள் புதிய பேச்சாயிற்று.

பூமி சுழல்வதால் கோள் பார்வையிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அது மறைவதற்குள் ஒருவர் மற்றவருக்கு இடம்விட வேண்டும். அங்கே நோயாளியும் இல்லை, பராமரிப்பவரும் இல்லை. முறை வைத்துப் பார்க்கும் இருவரே உண்டு.

வேளை தவறாமல் மருந்து கொடுப்பதோடு பராமரிப்பு முடிந்துவிடுவதில்லை என்பதே எங்கள் கருத்து. நோயைப் பேசாத அரை மணி நேரமும் அதில் அடங்கும். அதற்குத் தொலைநோக்கிதான் வேண்டுமென்பதில்லை. இருவரும் சேர்ந்து நோக்க ஏதேனும் ஒன்று போதும். டயாலிசிஸ் முடிந்து எழ இயலாத இரவுகளில், நிலவுகளின் வரிசை ஒரு தாளில் புள்ளிகளாகக் கட்டிலருகே வந்துசேர்கிறது. அன்றும் நாங்கள் சேர்ந்தே பார்க்கிறோம்.