வயிற்றில் சுமந்த நஞ்சு

கொக்கெயின் பொட்டலங்களை விழுங்கி விமானமேறி வருவோரை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கிறது; அதற்குத் தப்பியவற்றில் பலவும் ஸி.டி. ஸ்கானில் அகப்படுகின்றன. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு பொட்டலம் குடலில் கிழிந்தால் உயிருக்கே அபாயம். ஆதலின், அகப்பட்டவன் முதலில் நோயாளி, பிறகே கைதி.

நம் நாட்டு 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 103வது பிரிவு, சம்மதியாதவர் விஷயத்தில் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவையும் வைத்தியரின் யோசனையையும் பெற்றே பொருளை வெளிக்கொணரச் சொல்லுகிறது. 2019ஆம் வருஷத்துத் திருத்தமோ, மேலதிகாரியின் அநுமதியுடன் சுங்க நிலையத்திலேயே ஸ்கான் செய்ய இடமளித்தது. அதுவும் பிரயாணியின் சம்மதம் முதலிய உரிமைகளுக்குப் பாதகமின்றி.

கருவி அருகில் வந்தது நன்று. வைத்தியர் தூரத்தில் நிற்கலாகாது. படம் பொட்டலத்தைக் காட்டும். விழுங்கச் செய்த முதலாளியைக் காட்டாது. சுமந்தவன் பிழைத்திருந்தாலன்றோ அம்முதலாளியின் பெயர் வெளிவரும்!