மீக்காத்தைக் கடந்த கார்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வழிகாட்டிக் கருவியை அறிவீர்கள். ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீட்டர் உயரே சுற்றும் செயற்கைக்கோள்களுள் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும். நாம் நிற்கும் இடத்தைக் கூறிவிடும். வரைபடம் அதனுள்ளேயே இருப்பதால், கைப்பேசி அலை எட்டாத பாலையிலும் வழி சொல்லும். ஆகவே என் மைத்துனர் அதனை இன்றும் விடவில்லை.

சென்ற ஆண்டு ரியாதிலிருந்து அவருடைய காரில் உம்ராவுக்குப் புறப்பட்டோம். கருவியில் 'மக்கா' என்று மட்டுமே பதிந்திருந்தார். தாயிஃபுக்கு அப்பால் அது காட்டிய சாலையில், பேச்சில் ஆழ்ந்து, கர்னுல் மனாஸில் மீக்காத்தைக் கடந்துவிட்டோம். மார்க்கம் போதிக்கும் எனக்கும் நினைவில்லை! பின்னிருக்கையிலிருந்த மாமியார்தாம், "இஹ்ராம் கட்டுற பள்ளி இன்னும் வரலையா, வாப்பா?" என வினவினார்.

உம்ராவை நாடியவர் இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தால் அங்கே திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டும். திரும்பினோம். கருவியின் பெண்குரலோ, வழிநெடுக எங்களை மக்காவுக்கே திருப்ப முயன்றது. பாவம், சொன்னதைத்தானே அது செய்யும்!

சாலைவழி உம்ரா செல்வோரே! முதல் நிறுத்தமாக மீக்காத் பள்ளியைப் பதியுங்கள்; மக்காவை அதன்பின் பதியலாம்.